லாரி மோதிய நாய் எழுந்து ஓடினாலும் ஆபத்து: வெளியே காயமே இல்லாமல் நெஞ்சுக்குள் கிழியும் தசை!
கால்நடை டாக்டர்கள் ஆபரேஷன் செய்து காப்பாற்றுவது எப்படி?

திருப்புட்குழி:

காஞ்சிபுரத்தில் இருந்து வேலூர் போகும் வழியில் சுமார் 12 கி.மீ. தூரத்தில், பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. சின்ன ஊர்தான். ஆனால் பக்கத்திலேயே சென்னை-பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை. முன்பு என்.எச்.4, இப்போது என்.எச்.48. லாரி, கண்டெய்னர், ஆம்னி பஸ் என்று ராத்திரி பகல் பார்க்காமல் வண்டிகள் பறக்கின்றன. ரோட்டோர ஓட்டல் எலும்புக்கும் டீக்கடை பிஸ்கட்டுக்கும் ஆசைப்பட்டு நாய்கள் குறுக்கே ஓடுகின்றன. அடிபடுகின்றன.

சக்கரத்தில் சிக்கினால் அதே இடத்தில் கதை முடிந்துவிடும். இங்கே சொல்லப் போவது வேறு மாதிரி அடி. பம்பர் ஒரு தட்டு தட்டும். நாய் இரண்டு சுற்று உருண்டு "கீய்" என்று கத்தும். அடுத்த நிமிஷமே எழுந்து வாலை இடுக்கிக்கொண்டு ஓடிவிடும். ரத்தம் இல்லை, கால் உடையவில்லை. "ஒண்ணும் ஆகல, பயந்துடுச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

மறுநாள் அந்த நாய் சோறு தின்னாது. ஒரு மூலையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும். படுக்காது. மூன்றாம் நாள் செத்துக் கிடக்கும். "யாரோ விஷம் வச்சுட்டாங்க" என்று தெருவே பேசும். விஷமும் இல்லை, ஒன்றும் இல்லை. நெஞ்சுக்குள் அடி. அது வெளியே தெரியாது.

பறவைக்கு ஈமக்கடன் செய்த ஊர்

திருப்புட்குழி என்ற பெயரிலேயே அடிபட்ட ஒரு உயிர் இருக்கிறது. புள் என்றால் பறவை. ராவணன் சிறகை வெட்டியதால் விழுந்த ஜடாயுவுக்கு ராமர் இங்கேதான் ஈமக்கடன் செய்தார் என்பது விஜயராகவப் பெருமாள் கோவில் தல வரலாறு. கோவில் குளத்துக்கும் ஜடாயு தீர்த்தம் என்றுதான் பெயர். ஜடாயுவை காப்பாற்ற அன்று வழி இல்லை. இன்று ரோட்டில் அடிபடும் நாய், பூனைக்கு வழி இருக்கிறது. என்ன நடந்திருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவருக்கு புரிந்தால்தான் அந்த வழி திறக்கும்.

கொல்லன் துருத்தி மாதிரி

நாய்க்கும் பூனைக்கும் விலா எலும்பு 13 ஜோடி. மனுஷனை விட ஒரு ஜோடி அதிகம். இந்தக் கூண்டுக்குள் நுரையீரலும் இதயமும் இருக்கின்றன. கூண்டின் அடிப்பக்கத்தை மூடி, நெஞ்சையும் வயிற்றையும் தனித்தனியாக பிரிப்பது ஒரு மெல்லிய தசைச்சுவர். இதற்கு உதரவிதானம் என்று பெயர். கொல்லன் பட்டறை துருத்தியை நினைத்துக்கொண்டால் சட்டென்று விளங்கும். துருத்தியை விரித்தால் காற்று உள்ளே வரும், அமுக்கினால் வெளியே போகும். அதேபோல இந்த தசைச்சுவர் பின்பக்கம் இழுபடும்போது நெஞ்சுக்குள் இடம் பெரிதாகி நுரையீரல் விரிகிறது.

துருத்தியில் ஒரு கிழிசல் விழுந்தால்? அதுதான் லாரி மோதும்போது நடக்கிறது.

வண்டி வயிற்றில் இடிக்கும்போது குடல், ஈரல், இரைப்பை எல்லாம் ஒரே நொடியில் முன்பக்கம் தள்ளப்படுகின்றன. அந்த அழுத்தம் தாங்காமல் தசைச்சுவர் டர்ரென்று கிழிகிறது. கிழிசல் வழியாக ஈரலோ, குடலோ, இரைப்பையோ நெஞ்சுக்குள் ஏறிவிடுகிறது. பெரும்பாலும் ஏறுவது ஈரல். நுரையீரல் விரிய வேண்டிய இடத்தில் ஈரல் வந்து உட்கார்ந்தால் மூச்சு எப்படி வரும்? தோல் மட்டும் முழுசாக இருக்கும். ரோமம் கூட கலையாமல் இருக்கலாம்.

இரைப்பை ஏறிவிட்டால்தான் ரொம்ப மோசம். அது காற்றால் உப்ப ஆரம்பித்தால் நுரையீரலை நசுக்கிவிடும். அப்போது மணிக்கணக்கு கூட கிடையாது, நிமிஷக்கணக்குதான்.

பஞ்சர் ஆன டியூப்

எல்லா அடியும் தசைச்சுவரை கிழிப்பதில்லை. சில நாய்களுக்கு நுரையீரலே லேசாக கிழிந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் காற்று நெஞ்சுக்குள் கசியும். சைக்கிள் டியூப் பஞ்சர் ஆனால் டயருக்கும் டியூபுக்கும் நடுவில் காற்று போகிற மாதிரி. வெளியே தப்ப முடியாத அந்தக் காற்று நுரையீரலை சுருட்டி அமுக்கிவிடும். சில சமயம் காற்றுக்கு பதில் ரத்தம் நிற்கும். வரிசையாக பல விலா எலும்புகள் இரண்டு இடத்தில் முறிந்துபோனால் நெஞ்சின் ஒரு துண்டு தனியாக ஆடும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு மேலே வர, அந்தத் துண்டு மட்டும் உள்ளே போகும்.

காற்று கசிந்த கேசில் ஒரு நல்ல சேதி உண்டு. பெரும்பாலானவற்றுக்கு நெஞ்சை திறக்கவே தேவையில்லை. விலா எலும்புகளுக்கு நடுவில் ஊசி செலுத்தி, சிரிஞ்சால் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நுரையீரல் ஓட்டை சில நாளில் தானாகவே மூடிக்கொள்ளும். காற்று திரும்பத் திரும்ப சேர்ந்தால் ஒரு குழாய் வைத்து விடுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, முதல் உதவிக்கு நேராக சென்னைக்கு ஓட வேண்டாம் என்பதுதான். திருப்புட்குழியில் இருந்து சென்னை சுமார் 80 கி.மீ. டிராபிக்கில் 2 மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அதுவரை உயிர் தாங்காது. ஊசி போட்டு காற்றை எடுக்க பக்கத்தில் இருக்கும் கால்நடை டாக்டராலேயே முடியும். உயிரை நிலைநிறுத்தி விட்டு, எக்ஸ்ரேவுக்கும் ஆபரேஷனுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்.

எப்படி கண்டுபிடிப்பது?

கையில் செல்போன் இருந்தால் போதும். நாய் ஓடாமல், பதறாமல் இருக்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்கள். நிமிஷத்துக்கு 30க்குள் இருந்தால் பயம் இல்லை. 40ஐ தாண்டி, அப்படியே குறையாமல் நின்றால் உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். வெயிலில் ஓடி வந்த நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பது வேறு. அது நிழலில் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

பூனை விஷயத்தில் எண்ணவே வேண்டாம். நாய் மாதிரி வாயை திறந்து மூச்சு விடும் வழக்கம் பூனைக்கு கிடையாது. அடிபட்ட பூனை வாயை திறந்து இரைத்தால் அந்த நிமிஷமே கிளம்ப வேண்டியதுதான்.

இன்னொரு அடையாளம், உட்காரும் விதம். நெஞ்சில் அடிபட்ட நாய் முன்னங்கால் முட்டிகளை வெளிப்பக்கம் அகட்டி வைத்து, கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் அல்லது உட்கார்ந்திருக்கும். படுக்க வைத்தால் எழுந்துவிடும். உதட்டைத் தூக்கி ஈறு நிறத்தையும் பார்க்கலாம். ரோஸ் நிறம் நல்லது. வெளுத்தோ, நீலம் பாய்ந்தோ இருந்தால் ஆபத்து. ஈறே கறுப்பாக இருக்கும் நாய்களும் உண்டு. அவற்றுக்கு நாக்கைப் பாருங்கள்.

நாய்ச் சண்டையிலும் இதே கதை நடக்கும். பெரிய நாய் குட்டி நாயை கவ்வி உதறினால் தோலில் இரண்டே இரண்டு பல் தடம்தான் தெரியும். உள்ளே விலா முறிந்து நுரையீரல் கிழிந்திருக்கும். மஞ்சள் தூளை அப்பிவிட்டு "ஆறிடும்" என்று விட்டால் ஆறாது.

வாயில் பால் ஊற்றாதீர்கள்

நம் ஊர் பழக்கம் ஒன்று இருக்கிறது. துடிக்கும் உயிரைப் பார்த்தால் மனசு கேட்காமல் வாயில் தண்ணீரோ, பாலோ, சோடாவோ ஊற்றுவோம். நல்ல எண்ணம்தான். ஆனால் மூச்சுத் திணறும் நாய், பூனைக்கு அதுவே எமன். விழுங்க முடியாமல் அது நேராக நுரையீரலுக்குள் போகும். ஏற்கனவே பாதி வேலை செய்யும் நுரையீரல் அதோடு நின்றுவிடும். டாக்டர் பார்க்கும் வரை வாய்வழியாக எதுவுமே வேண்டாம்.

மெடிக்கல் ஷாப் மாத்திரையும் வேண்டாம். மனுஷன் காய்ச்சலுக்கு போடும் பாரசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரு மாத்திரை போதும், பூனை செத்துவிடும். ஐபுபுரூபன், டைக்ளோபினாக் இரண்டும் நாயின் வயிற்றில் புண்ணாக்கி ரத்தக்கசிவை உண்டாக்கும். (மாடுகளுக்கு டைக்ளோபினாக் ஊசி போட்டு, அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற கழுகுகள் லட்சக்கணக்கில் அழிந்த கதை தெரிந்திருக்கும். 2006-ம் ஆண்டு கால்நடைகளுக்கு அந்த மருந்தை மத்திய அரசு தடை செய்தது. ஜடாயு ஊர்க்காரர்கள் கேட்டால் வருத்தப்படுவார்கள்.)

தூக்கும்போது முன்னங்கால்களைப் பிடித்து தொங்கவிடக் கூடாது. ஒரு பலகை, அட்டைப்பெட்டி, தடித்த சாக்கு எது கிடைக்கிறதோ அதில் மெதுவாக நகர்த்தி வைத்து, ஆட்டோவில் ஏற்றலாம். தலையும் நெஞ்சும் கொஞ்சம் உயரமாக இருந்தால், மேலே ஏறிய குடல் சற்று கீழே இறங்கும், மூச்சு லேசாகும். எப்படி உட்கார நினைக்கிறதோ அப்படியே விட்டுவிடுங்கள். கம்பி, கண்ணாடி ஏதாவது நெஞ்சில் குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் ரத்தம் கொட்டும், காற்றும் உள்ளே பாயும். ஓட்டையில் "புஸ் புஸ்" என்று காற்று சத்தம் வந்தால் சுத்தமான பாலிதீன் அல்லது ஈரத்துணியால் மூடிப் பிடிக்கலாம். அதற்குப் பிறகு மூச்சு இன்னும் மோசமானால் உடனே எடுத்துவிட வேண்டும்.

வலியில் இருக்கும் நாய், வளர்த்தவரையே கடிக்கும். கயிறு போட்டு வாயைக் கட்டலாமா என்றால், மூச்சுத் திணறலில் இருக்கும் நாய்க்கு அது கூடாது. தலைக்குப் பின்பக்கம் தடித்த துண்டைச் சுற்றிப் பிடிப்பதே நல்லது. கடித்துவிட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றே ஊசி போட வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அடிபட்ட அடையாளமே இல்லாத தெருநாய் எச்சில் வடித்து, தொண்டையில் எலும்பு சிக்கிய மாதிரி திணறினால், அது ரேபிஸ் ஆகவும் இருக்கலாம். வாய்க்குள் கையை விட்டு எலும்பைத் தேடவே கூடாது.

ஆபரேஷன் எப்படி நடக்கிறது?

ஆஸ்பத்திரிக்குப் போனதும் கத்தியை எடுத்துவிட மாட்டார்கள். முதலில் ஆக்சிஜன், டிரிப்ஸ், வலி மருந்து. கொஞ்சம் தெம்பு வந்ததும் எக்ஸ்ரே. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்க வேண்டிய வளைந்த கோடு படத்தில் காணாமல் போயிருந்தால் விஷயம் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் ஸ்கேன். இரைப்பை உப்பிய கேஸ் மட்டும் காத்திருக்காமல் ஆபரேஷனுக்குப் போகும்.

நெஞ்சில் ஏறிய குடலை எடுக்க வயிற்றைத்தான் கிழிக்கிறார்கள். நடுக்கோட்டில் வயிற்றைத் திறந்து, ஏறியதை எல்லாம் மெதுவாக கீழே இழுத்து, அதனதன் இடத்தில் வைத்து, கிழிந்த தசைச்சுவரை தையல் போட்டு மூடுவார்கள்.

கஷ்டமான இடம் எது என்றால் மூச்சு. வயிற்றைத் திறந்த உடனே, கிழிசல் வழியாக வெளிக்காற்று நெஞ்சுக்குள் போய்விடும். துருத்தி செத்துவிடும். நாய் தானாக மூச்சு இழுக்கவே முடியாது. அதனால் மூச்சுக்குழாயில் டியூப் போட்டு, ரப்பர் பையை அமுக்கி அமுக்கி ஒருவர் நாய்க்காக மூச்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது வென்டிலேட்டர் வேண்டும். தையல் போடும் டாக்டரை விட, பையை அமுக்கும் ஆளின் கையில்தான் உயிர் இருக்கிறது என்று சொன்னாலும் தப்பில்லை. பல நாளாக சுருங்கிக் கிடந்த நுரையீரலை அவசரப்பட்டு ஒரேயடியாக ஊதி விரித்தால் அதில் நீர் கோத்து, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தும் நாய் இறந்துபோகும்.

இந்த தந்திரம் ரொம்ப பழசு. நெஞ்சு திறந்த மிருகத்தின் மூச்சுக்குழாயில் நாணல் குழாய் செருகி ஊதினால் நுரையீரல் விரிகிறது, நின்ற இதயம் திரும்ப அடிக்கிறது என்று 1543-லேயே வெசேலியஸ் என்ற டாக்டர் புத்தகத்தில் எழுதி வைத்தார்.

வெளிநாட்டு கால்நடை ஆஸ்பத்திரிகள் வெளியிட்ட கணக்குகளில், இந்த ஆபரேஷன் ஆன நாய், பூனைகளில் பத்துக்கு எட்டு, ஒன்பது பிழைத்திருக்கின்றன. ஆபரேஷனுக்கு வந்து சேர்ந்தவற்றின் கணக்கு அது. ரோட்டோரம் மூச்சு வாங்கியே செத்தவை எந்தக் கணக்கிலும் இல்லை.

நமக்கு கற்றுக் கொடுத்ததே நாயும் பூனையும்தான்

இன்று மனுஷனுக்கு பைபாஸ் ஆபரேஷன் செய்யும்போது இதயத்தை நிறுத்தி வைத்து, ஒரு எந்திரம் ரத்தத்தை ஓட்டுகிறது. அந்த எந்திரத்தை உருவாக்கிய அமெரிக்க டாக்டர் ஜான் கிப்பன், 1930-களில் பாஸ்டன் நகரத்தில் ராத்திரி நேரம் சாக்குப்பையும் மீன் துண்டுமாக தெருவில் சுற்றி பூனை பிடித்திருக்கிறார். சோதனைக்கு பூனை வாங்கக் காசு இல்லை! 1935-ல் ஒரு பூனையின் ரத்த ஓட்டத்தை எந்திரத்தால் நடத்திக் காட்டினார். 18 ஆண்டு கழித்து, 1953 மே 6-ந்தேதி, அந்த வகை எந்திரத்தின் மேம்பட்ட வடிவத்தில் ஒரு 18 வயது பெண்ணின் இதய ஓட்டையை அடைத்தார்.

நீலக் குழந்தை என்று சொல்லப்படும், உடம்பு நீலம் பாயும் இதயக்கோளாறுக்கான ஆபரேஷனும் நாயிடம் கற்றதுதான். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் விவியன் தாமஸ் என்ற கறுப்பின உதவியாளர் சுமார் 200 நாய்களிடம் செய்து பார்த்து முறையை உருவாக்கினார். அவர் பின்னால் நின்று சொல்லச் சொல்ல, டாக்டர் ஆல்பிரட் பிளாலாக் 1944 நவம்பர் 29-ந்தேதி ஒரு குழந்தைக்கு அதைச் செய்தார். ஆபரேஷனுக்குப் பின் நெடுநாள் உயிரோடு இருந்த முதல் நாய் 'அன்னா'. அதன் படத்தை வரைந்து அந்த ஆஸ்பத்திரியில் மாட்டினார்கள்.

கடன் இப்போது கொஞ்சம் கொஞ்சமாக திரும்புகிறது. 2024-ல் டெல்லியில் 7 வயது பீகிள் நாய்க்கு நெஞ்சைக் கிழிக்காமல், குழாய் வழியாக இதய வால்வை கிளிப் போட்டு சரி செய்தார்கள். காசுள்ள வீட்டு நாய்க்கு கிடைக்கும் வைத்தியம் அது. பாலுசெட்டி சத்திரம் டீக்கடை நாய்க்கு ஒரு ஊசியும் ஒரு எக்ஸ்ரேவும் கிடைத்தாலே பெரிசு.

எங்கே போவது?

சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பலருக்கும் தெரிந்த இடம். கல்லூரி தொடங்கியது 1903-ல். 1989 முதல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. எக்ஸ்ரே, ஸ்கேன், ஆபரேஷன் தியேட்டர், அவசர சிகிச்சை எல்லாம் ஒரே வளாகத்தில். தனியார் கிளினிக்கோடு பார்த்தால் கட்டணமும் குறைவு. ஆனால் முன்னே சொன்ன மாதிரி, முதலில் பக்கத்து அரசு கால்நடை மருந்தகம் அல்லது காஞ்சிபுரத்தில் உள்ள டாக்டர். ஆட்டோ ஏறும் முன்பே போன் போட்டு, "வண்டி மோதிடுச்சு, மூச்சு வாங்குது" என்று சொல்லிவிட்டால் ஊசியும் ஆக்சிஜனும் தயாராக இருக்கும்.

கால்நடை அவசரத்துக்கு 1962 என்ற இலவச எண் இருக்கிறது. 2024-ல் 245 நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகளை தமிழக அரசு விட்டது. ஆடு, மாடு வளர்க்கும் கிராமங்களை மனதில் வைத்து வந்த திட்டம்தான். இருந்தாலும் ஆலோசனை கேட்க கூப்பிடலாம்.

லாரி இல்லாமலும் வரும்

நெஞ்சு வியாதிக்கு வண்டிதான் மோத வேண்டும் என்று இல்லை. வீட்டில் மிச்சமான கோழி எலும்பு, ஆட்டு எலும்பு நாயின் உணவுக்குழாயில், இதயத்துக்குப் பக்கத்தில் போய் சிக்கிக்கொள்ளும். தின்றதை உடனே கக்கும், எச்சில் வடியும். சீக்கிரம் போனால் கேமரா குழாய் விட்டு எடுத்துவிடலாம். ஓட்டை விழுந்து சீழ் பிடித்தால் நெஞ்சைத் திறக்க வேண்டி வரும். சாண வண்டை தின்னும் நாய்க்கு ஒருவகைப் புழு உணவுக்குழாயில் கட்டி கட்டும். இருமலும் வாந்தியுமாக இளைத்துக்கொண்டே போகும்.

தறி இருக்கும் வீடுகளில் எலிக்காக பூனை வளர்ப்பது உண்டு. ஊசியும் நூலும் கிடக்கிற இடத்தில் பூனை நூலோடு விளையாடி ஊசியையும் சேர்த்து விழுங்கிவிடும். வாயில் நூல் தொங்கினால் இழுக்கக் கூடாது. மறுமுனை ஊசியோ, குடலில் சுற்றிய முடிச்சோ, இழுத்தால் அறுத்துவிடும். சண்டைக்காரக் கடுவன் பூனைக்கு கடிபட்ட சில நாள், சில வாரம் கழித்து நெஞ்சுக்குள் சீழ் கட்டுவதும் உண்டு. காய்ச்சல், சோம்பல், வேகமான மூச்சு என்று வரும். குழாய் வைத்து சீழை வடித்து, பல வாரம் மருந்து கொடுத்தால் தேறும்.

ஆபரேஷனுக்குப் பிறகு

வீட்டுக்கு கொண்டு வந்ததும் நாயை ஓட விடக் கூடாது, மாடிப்படி ஏற விடக் கூடாது. தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை தையலை நக்காமல் கழுத்துக்கு பிளாஸ்டிக் கூம்பு மாட்டி விடுவார்கள். ஒரே நேரம் வயிறு முட்ட போடாமல் கொஞ்சம் கொஞ்சமாக சாப்பாடு. கழுத்துப்பட்டைக்கு பதில் நெஞ்சை அழுத்தாத வார் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எப்போதோ அடிபட்டு, தசைச்சுவர் கிழிந்தது தெரியாமலே மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நடமாடும் பூனை, நாய்களும் உண்டு. கொஞ்சம் ஓடினால் களைக்கும், சாப்பிட்டதும் மூச்சு வாங்கும், இளைக்கும். வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுக்கும்போதுதான் நெஞ்சுக்குள் குடல் தெரியும். அதற்குள் ஈரல் நுரையீரலோடு ஒட்டிப் பிடித்திருந்தால் ஆபரேஷன் இன்னும் கஷ்டம். அதனால் ரோட்டில் ஒரு முறை அடிபட்ட நாய் வீட்டில் இருந்தால், அது தூங்கும்போது ஒரு நிமிஷம் மூச்சை எண்ணி, நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டால், டாக்டரிடம் காட்ட அதுவே பாதி எக்ஸ்ரே.